கொடிக்கயிறான கேபிள்

நெட் கேபிளாகப் பிறந்தும், பால்கனியில் ஈரத்துண்டு காயப்போடும் கொடிக்கயிறாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது அந்த நீலக் கேபிள். குரங்குக்குப் பயந்து வைஃபை ரவுட்டரை இரும்பு பீரோவில் பூட்டிவைத்த வீடு அது.

அன்று லேப்டாப் முதன்முறையாக ஊரையே கூட்டி ஆன்லைன் ஆட்டம் நடத்தியது. ஆட்டமோ நிமிஷத்துக்கொரு தரம் அறுந்தது.

"இன்னொரு தடவை அறுந்தா எதிர்வீட்டுக் கம்ப்யூட்டர்கிட்ட போயிடுவோம்!" என்றார்கள் ஆட வந்தவர்கள்.

"டேய் ரவுட்டர், தூங்குறியா?" என்று சீறியது லேப்டாப்.

"தொண்டை கிழியக் கத்துறேன் சாமி! இரும்புக் கதவைத் தாண்டிக் கேக்கலையே!" என்று பீரோவுக்குள்ளிருந்து அழுதது ரவுட்டர்.

"நான் வரட்டா?" என்றது கேபிள்.

"கொடிக்கயிறு ஆட்டத்துக்கு வருதாம்! வயரே இல்லாத வம்சம்டா நாங்க!" என்று இளித்தது லேப்டாப்.

சொல்லி வாய் மூடவில்லை, திரை உறைந்தது. வந்தவர்கள் கிளம்ப எழுந்தார்கள். கேபிள் துண்டுகளை உதறிவிட்டு ஓடிவந்தது. ஒரு தலையைப் பீரோ இடுக்கு வழியாக ரவுட்டரிலும், மறுதலையை லேப்டாப்பின் விலாவிலும் 'டக்'கென்று செருகிக்கொண்டது. ஆட்டம் குதிரைப் பாய்ச்சலில் பறந்தது!

"அடேங்கப்பா, எப்படிப்பா?" என்றார்கள் வந்தவர்கள்.

"எல்லாம் என் திறமைதான்," என்றது லேப்டாப்.

கேபிள் சிரித்துக்கொண்டே லேசாக வெளியே நழுவியது.

"அண்ணே! கேபிள் அண்ணே! எல்லாம் நீங்கதாண்ணே!" என்று ஊருக்கே கேட்க அலறியது லேப்டாப்.