சூட்டைக் குறைத்த காந்தம்

"என்ன தனு இது, லேசா இழுத்தாலே பிரிஞ்சிருது! நம்ம ஃபெக்டரியில தேயிலைத் தூள்ல இருந்து இரும்பப் பிடிக்கிற காந்தம் கையையே இழுக்குமே?"

மகள் பல்கலைக்கழக ஆய்வுகூடச் சூளையில் சுட்டுச் செய்து கொண்டுவந்த குட்டிக் காந்தங்களைப் பார்த்து சிவசாமிக்கு ஏமாற்றம்.

"சூளையில சூட்டக் கொறைச்சிட்டேன்ப்பா. அதான் பலம் இல்ல."

"தப்பாயிருச்சா?"

"இல்லப்பா, வேணும்னேதான்."

தனுஷிகா அவற்றை அம்மாவின் ஸ்வெட்டரில் பொத்தான்களுக்குப் பதிலாகத் தைத்தாள். முப்பது வருடம் கொழுந்து பறித்து மடங்கிப்போன விரல்களால் காளியாயி தானே மூடினாள். தானே இழுத்துத் திறந்தாள்.

மூன்று வருடமாகத் தினமும் அவளுக்குப் பொத்தான் போட்டுவிட்ட சிவசாமி, கைக்கு வேலையில்லாமல் நின்றார்.

காளியாயி அவரைப் பார்த்தாள்.

"குளிருதுங்க. நீங்களே மூடிவிடுங்க."