மேல் பட்டையில் ஒரு பெயர்

"இந்த ஒரு பட்டைய மாத்தவா காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்க?" என்றான் கணவன்.

"இந்த அப்டேட் இன்னிக்கே போயாகணும்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கைநிறையச் சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டு அவள் தனியாளாக உருவாக்கிய மின்னஞ்சல் செயலி அது. ஒருவரே இரண்டு மூன்று முகவரிகளை அதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரையின் மேலே இருக்கும் பட்டையில் 'இன்பாக்ஸ்' என்று மட்டும்தான் தெரியும். இனி எந்தப் பெயரில் இருக்கிறோமோ அந்தப் பெயர் அங்கே கொட்டை எழுத்தில் நிற்கும்.

யாராவது புகார் சொன்னார்களா என்று கேட்டான். இல்லை என்றாள். பிறகு ஏன் இந்த அவசரம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மாமியாருக்கு அந்தச் செயலியே ஆகாது. முப்பது வருடம் நூலகராக இருந்தவர். மருமகள் வேலையை உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்ததை ஆறு மாதமாக அவரால் ஜீரணிக்க முடியவில்லை. மகனின் நச்சரிப்பு தாங்காமல் போனில் அதைப் போட்டு வைத்திருந்தார். பேச்சு அந்தப் பக்கம் வந்தாலே எழுந்து போய்விடுவார்.

அவளைத் தாங்கிப் பிடித்தவர் முகம் தெரியாத ஒருவர்தான். 'ஓய்வுபெற்ற மாலுமி' என்று போட்டு வாரம் தவறாமல் எழுதுவார். எழுத்து பொடியாக இருக்கிறது, அழிக்கிற பொத்தான் விரலில் இடிக்கிறது என்று ஒன்று விடாமல் குறை சொல்லிவிட்டு, கடைசியில் 'மனசை விட்டுடாதேம்மா, நல்லா வரும்' என்று முடிப்பார். எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்று அவள் இரண்டு தடவை முடிவெடுத்தாள். இரண்டு தடவையும் அந்த வரிதான் அவளை மறுபடி உட்கார வைத்தது.

சாயங்காலம் அப்டேட் போனது. அவள் நேராக மாமியாரிடம் போனாள்.

"அத்தை, உங்க போன்லயும் அப்டேட் பண்ணிப் பாருங்க. யார் பேர்லேருந்து அனுப்புறோம்னு இப்ப மேலயே தெரியும். தப்பாப் போகாது."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைத் தன் பக்கமாகச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"ம்... இது உருப்படியான வேலை," என்றார்.

ஆறு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. கணவனுக்கே நம்ப முடியவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நிஜமாகவே யார் சொல்லி இதைச் செய்தாய் என்று துருவினான்.

"யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு," என்று சிரித்து மழுப்பினாள்.

அன்று காலை வந்த மாலுமியின் கடிதத்தில், அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் அத்தையின் பெயர் இருந்ததை அவள் அவனிடம்கூடச் சொல்லவில்லை.