நீல எஞ்சின் இன்னைக்கு வராது

குழுவில் எதையாவது தப்பாக எழுதிவிடுவோமோ என்று புஷ்பலதாவுக்கு எப்போதும் பயம். ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவதற்குள் நாலு தடவை படித்துப் பார்ப்பாள்.

அன்றைக்கு மட்டும் வேண்டுமென்றே தப்பாக எழுதினாள்.

‘நீல எஞ்சின் இன்னைக்கு வராது. நாளைக்குத்தானாம்.’

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மகள் தினேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏம்மா, அதோ ஸ்டேஷன்ல நிக்குதே, அது என்ன?”

“நீ நாசி லெமாக் சோத்தைப் பொட்டலம் மடி.”

கோலா கங்சார் ரயில் நிலையத்துக்கு எதிரேதான் அவர்களுடைய கடை. ரயில்களைப் படம் பிடித்துப் போடும் அந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் புஷ்பலதாதான் கண். வடக்கேயிருந்து எந்த வண்டி வந்தாலும் எஞ்சின் நம்பரையும் நேரத்தையும் குழுவில் போடுவாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் இருப்பவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். முதலில் பார்த்தவர் மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதுதான் முறை.

இன்றைக்கு வந்து நிற்பது சாதாரண வண்டி இல்லை. பழைய நீல எஞ்சின், சிமெண்டு வண்டியோடு கடைசி ஓட்டம். அடுத்த வாரம் அதை உடைத்துவிடுவார்களாம்.

“லியோனார்ட் அங்கிள் ஒரு மாசமா இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்காரு. பாவம்லா.”

“அவருக்கு என்னடி பாவம்? தும்பிக்கை மாதிரி லென்ஸ் வச்சிருக்காரு. போன மாசம் ஒரே வண்டி, ஒரே இடம். ரெண்டு பேரும் எடுத்தோம். ஃபேஸ்புக்ல அவருக்குத் தொள்ளாயிரம் லைக். எனக்குப் பதினாலு.”

“அதுல ஒண்ணு நான்.”

“அது போதாதுன்னு என் படத்துக்குக் கீழ வந்து ‘நல்ல முயற்சி’ன்னு எழுதுறாரு. வாத்தியார் வேலைய விட்டு எத்தனை வருஷமாச்சு, இன்னும் மார்க் போடுற புத்தி போகல.”

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டாரை எடுத்தாள்.

“எங்கம்மா போறீங்க?”

“சுங்கை சிப்புட்டுக்கு. தேங்கா வாங்க.”

“ஏன், இங்க பாசார்ல தேங்கா இல்லையா?”

புஷ்பலதாவுக்குக் காது கேட்கவில்லை. சரக்கு வண்டி ரெண்டு ஈடிஎஸ் மின்சார ரயிலுக்கு வழிவிட்டுத்தான் கிளம்பும். முக்கால் மணி நேரம் இருக்கிறது. போதும்.

சுங்கை சிப்புட்டுக்குக் கொஞ்சம் முன்னால், சுண்ணாம்பு மலை பின்னால் தெரிய, ரயில் வளைந்து வரும் ஓர் இடம். வேலியோரம் போய் நின்றாள். ஆள் அரவமே இல்லை. போனைத் தூக்கிப் பிடித்தாள். நீல எஞ்சின் ஊதிக்கொண்டு வந்தது. ஆறு படம்.

கடைக்குத் திரும்பியதும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மலை, வளைவு, நீல முகம். இதை எவனும் முயற்சி என்று சொல்ல முடியாது.

விரலை இடது ஓரத்துக்குத் தள்ளினாள்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், செம்பனை மர நிழலில், ஒருவர். கையில் அதே தும்பிக்கை.

“அவரு எப்படிடி அங்க?”

“காலையிலேயே போய் உக்காந்திருப்பாரு. வராதுன்னு நீங்க போட்டதைப் படிச்சுட்டுக் கிளம்பப் பார்த்திருப்பாரு. அதுக்குள்ள நீங்களே போய் எதிர்ல நின்னிருக்கீங்க.”

“ஐயோ, இப்ப படத்தைப் போட்டுருவாரே! நான் சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா குழுவை விட்டே தூக்கிருவாங்கடி.”

அதற்குப் பிறகு ஒரு பொட்டலம்கூட ஒழுங்காக மடிக்கவில்லை. போன் ‘டிங்’ என்றாலே தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி. லியோனார்டின் படம் வரவே இல்லை.

ஐந்து மணிக்கு அவர் குழுவில் எழுதினார்: ‘நீல எஞ்சின் போயிருச்சாம். எனக்குக் கிடைக்கல. யாருக்காவது கிடைச்சுதா?’

புஷ்பலதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

“பார்த்தியா? மனுஷன் மூடியைக் கழட்ட மறந்திருப்பாரு! அவ்ளோ பெரிய லென்ஸ் இருந்து என்ன?”

“இல்லம்மா, அவரு…”

“நீ சும்மா இரு.”

எதற்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று, லியோனார்ட் நின்ற இடது ஓரத்தை வெட்டி எறிந்தாள். ‘தேங்காய் வாங்கப் போனேன், திடீர்னு வந்துச்சு’ என்று எழுதி, நாலு தடவை படித்துப் பார்த்து, ஃபேஸ்புக்கில் படத்தைப் போட்டாள்.

முதல் லைக் லியோனார்டுடையது. ‘அருமை’ என்று ஒரு வார்த்தையும் எழுதியிருந்தார். இந்தத் தடவை ‘முயற்சி’ இல்லை.

நூறு, இருநூறு, நானூறு. புஷ்பலதா போனைக் கீழே வைக்கவே இல்லை.

அப்போது அவளுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது. லியோனார்ட் அனுப்பிய படம். அவளுடையதைவிட நூறு மடங்கு அழகு. எஞ்சின் இன்னும் மலையடியில் தூரத்தில் வருகிறது. எதிர்ப்பக்க வேலியோரத்தில் ஏப்ரனும் ஹெல்மெட்டுமாக ஒரு பெண், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராகக் காத்து நிற்கிறாள்.

கீழே எழுதியிருந்தார்:

‘தங்கச்சி, உங்களை வெட்டிட்டு இதைப் போட்டிருக்கலாம். கூட நின்ன ஆளை வெட்ட மனசு வரல. அதான் போடல.’

“யாரும்மா?” என்றாள் தினேஸ்வரி.

“யாருமில்ல. ராங் நம்பர்.”

லைக் அறுநூறைத் தாண்டிக்கொண்டிருந்தது. புஷ்பலதா லியோனார்ட் அனுப்பிய படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். மகள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு அதை அழித்தாள்.