ஞாயிற்றுக்கிழமை அப்பா

"கொஞ்சம் தள்ளி நில்லு சரிதா. உன் நிழல் பாப்பா மேல விழுவுது" என்றான் மாதேஷ், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி.

சரிதா சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். கிருஷ்ணகிரி அணைப் பூங்காவின் சறுக்குமரத்தில் வழுக்கி வந்த மகள் தர்ஷினி, மண்ணில் பொத்தென்று விழுந்து எழுந்து அப்பாவிடம் ஓடினாள். இன்னும் மூன்று வயது நிறையவில்லை. ஓட்டத்தில் பாதி தள்ளாட்டம்தான்.

"இன்னொரு வாட்டிப்பா."

மாதேஷ் அவளைத் தூக்கி, கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

இந்த மாதேஷைச் சரிதாவுக்குப் பழக்கமே இல்லை. அவளுக்குத் தெரிந்தவன், ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து, குழந்தை அழுதால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவன். தீபாவளிக்கு மறுநாள் குடித்துவிட்டு வந்து அவன் அறைந்ததில் அவள் காது ஜவ்வு கிழிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கெலமங்கலத்தில் அப்பா வீட்டுக்கு வந்தவள், அவன் அடித்ததைச் சொல்லிக் கோர்ட்டில் கேஸும் போட்டாள்.

சித்திரை பிறந்ததும் அவனாகவே வந்து நின்றான். மாமனார் கோவிந்தப்பன் காலில் விழுந்தான்.

"குடிய விட்டுட்டன் மாமா. வெயில் காலத்துல பாப்பா வீட்டுக்குள்ளயே கெடக்குது. ஞாயித்துக்கெழம மட்டும் வெளிய கூட்டிப் போறன். சரிதாவும் கூட வரட்டும்."

முதல் ஞாயிறு தளிக்குப் போனார்கள். திடீரென்று தூறல் பிடித்துக்கொள்ள, ரோஜாத் தோட்டத்துக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். தர்ஷினி கீழே கிடந்த இதழ்களைப் பொறுக்கி வாயில் போட்டுத் துப்பினாள். மாதேஷும் ஒன்றை வாயில் போட்டுத் துப்பினான். குழந்தை சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரி மண்டி. தன் தலையளவு மாம்பழத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தர்ஷினி கொடுக்கவே மாட்டேன் என்றாள். கடித்த வேகத்தில் சாறு பீய்ச்சி, மாதேஷின் வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. சரிதாவின் கை தன்னையறியாமல் காதைப் பொத்திக்கொண்டது. அவனோ, "போனா போவுது, சட்டைதான" என்று குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டான்.

அன்று ராத்திரி அவள் நெடுநேரம் தூங்கவில்லை.

இப்போது அணைக்கு வந்திருக்கிறார்கள். "பாப்பாவுக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிட்டு வாயேன், நான் பாத்துக்கறன்" என்று மாதேஷ் அனுப்பினான். கூட்டத்தில் முண்டி வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, தர்ஷினி புல்தரையில் தனியாக நின்று "அம்மா, அம்மா" என்று வீறிட்டுக்கொண்டிருந்தாள். மாதேஷ் பத்தடி தள்ளி நின்று செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

சரிதா ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். "ஏங்க, புள்ள அழுவுது. தூக்காம வீடியோ எடுக்கறீங்களே?"

"அழுவறதும் அழகாத்தான் இருக்குது" என்று சிரித்தான் அவன். "பெரிசானதும் காட்டி கிண்டல் பண்ணலாம்."

மதியம் அணை ஓரத்து மீன் கடையில் உட்கார்ந்தார்கள். மாதேஷ் வறுத்த மீனில் முள் பார்த்துப் பார்த்து எடுத்து மகளுக்கு ஊட்டினான். சரிதா சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழம கோர்ட்டுக்குப் போனன்" என்றாள். "கேஸ் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டன்."

அவன் கை தட்டிலேயே நின்றது. "நான் உன்ன கேக்கவே இல்லயே?"

"நீங்க கேக்கலன்னுதான் குடுத்தன்."

அவன் தலையைக் குனிந்து அடுத்த முள்ளை எடுத்தான். அவன் கண் கலங்கியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ராயக்கோட்டை வழியாக பைக்கில் திரும்பினார்கள். இருவருக்கும் நடுவில் தர்ஷினி தூங்கிப்போயிருந்தாள். குழந்தையின் தலைக்கு மேலாகச் சாய்ந்து, சரிதா அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள். "நானும் பாப்பாவும் இப்பவே உங்ககூட ஓசூர் வந்துடவா?"

"இப்பவேவா?" மாதேஷ் ஒரு கணம் திகைத்தான். பிறகு, "உன் இஷ்டம்" என்றான்.

"ரெண்டு துணி எடுத்துக்கினு வந்துடறன். நில்லுங்க."

உள்ளே கோவிந்தப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகள் பையில் துணிகளை அடைப்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"கொஞ்ச நாள் பொறுத்துப் போலாம்மா."

"மனுசன் மாறிட்டாருப்பா. நீயே பாக்கறதான. அப்பா இருந்தும் இல்லாத மாதிரி இவ வளர வேணாம்."

அவர் எழுந்து வந்து பேத்தியின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஒரு தோளில் குழந்தையும் மறு கையில் பையுமாகச் சரிதா வெளியே வந்தாள். மாதேஷ் பைக்கைத் தெருமுனை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தான். முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று அவள் மெல்ல அடியெடுத்து வைத்து அவன் பின்னால் போய் நின்றாள். அவன் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது.

"அவளே கேஸ வாபஸ் வாங்கிட்டா வக்கீல் சார். புள்ளய தனியா அழ விட்டுட்டுப் போன வீடியோவும் கையில இருக்குது, இனிமே புள்ள எனக்குத்தான்னு மனு போட்டுடலாம்."