அரை வேகம்

“நான் வராட்டி இந்த மெசின வச்சு என்ன செய்வீங்க?”

போன மாதம் உதயரூபன் இப்படிக் கேட்டபோது கம்சாயினியின் முகம் சுண்டிப் போயிற்று. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். யார் என்ன கேட்டாலும், கேட்டவர் எழுந்து போன பிறகுதான் அவளுக்குப் பதில் வாயில் வரும்.

உதயரூபன் களுவாஞ்சிகுடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்பவன். செட்டிபாளையத்தில் அவள் வீட்டில் இருக்கும் பழைய டுவல் கோர் கம்ப்யூட்டர் அவன் பொருத்திக் கொடுத்ததுதான். அதில் அவள் விளையாடுவது ஒரே ஒரு கேம். லொறி ஓட்டுவது. சந்திக் கடைக்குப் போகவே கூசுகிறவள், அதில் மலையும் பாலமும் தாண்டி ஊர் ஊராகச் சரக்கு இறக்குவாள். ஆனால் ஒரு வளைவு வந்தால் போதும். லொறி திக்கித் திக்கி நிற்கும். பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து மதிலில் மோதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்து பார்ப்பான்.

“ரெண்டு மாடு பூட்டின வண்டில் இது. மலையேறச் சொன்னா பாவம்தானே?” என்று சிரித்துக்கொண்டே கேமில் எதையாவது குறைப்பான். ஒரு வாரம் மரங்களின் நிழலை எடுத்தான். மறு வாரம் மழையை. அதற்கும் அடுத்த வாரம் ஆற்றில் அலை இல்லாமல் போயிற்று. அவன் பக்கத்தில் இருக்கும்வரை லொறி எண்ணெய் பூசியதுபோல் ஓடும். எல்லாம் முடிந்ததும், “ஒரு தேத்தண்ணி கிடைக்குமா?” என்பான். குடித்துவிட்டுப் போவான். அடுத்த நாள் லொறி பழையபடி திக்கும்.

“மெசினுக்கும் ஆளத் தெரியுதுபோல,” என்பாள் அம்மா சுலோஜனா.

கம்சாயினிக்குச் சிரிப்பு வராது. அவன் கேட்ட கேள்வி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எத்தனை நாளைக்குத்தான் உனக்காக அலைவது என்றுதான் கேட்டிருக்கிறான். வேறென்ன? அன்றிலிருந்து அவள் அம்மாவுக்கும் தெரியாமல் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். விளங்காததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இந்த ஞாயிறு வந்தவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

“என்ன மகன், உள்ளுக்கு வராம?” என்றாள் அம்மா.

“வீட்டுல ஒரு சம்பந்தம் பேசுறாங்க மாமி. தேற்றாத்தீவுப் புள்ள. இண்டைக்குப் பின்னேரம் நான் முடிவு சொல்லணுமாம்.”

“நல்ல விசயந்தானே!” என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குப் போனாள்.

கம்சாயினி மேசைத் துணியின் விளிம்பை விரலில் சுற்றினாள். அந்தப் பெண் படித்தவளாக இருப்பாள். அவனோடு சரிக்குச் சரி பேசுவாள். அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் தன்னை ஒன்றும் தெரியாத மொக்கு என்று நினைத்துக்கொண்டு மட்டும் அவன் போய்விடக் கூடாது.

“இஞ்ச பாருங்க,” என்றாள். அவனை அண்ணா என்று கூப்பிட அவளுக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்றும் தெரியவில்லை.

அவன் உள்ளே வந்தான். கம்ப்யூட்டர் திரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“மழைய ஆரு திரும்பப் போட்ட?”

“நான்தான்.”

“நிழலும் இரிக்கு...”

“ஓம். ஆத்துல அலையும் இரிக்கு. பாருங்களன்.” பெரிய வளைவில் லொறியைத் திருப்பினாள். அது திக்கவில்லை. அவளும் திக்கவில்லை. “மெசின்ல ஒரு பிழையும் இல்ல. புரசசர் எவ்வளவு வேகத்துல ஓடலாம் எண்டு செட்டிங்ல ஒரு இடம் இரிக்கு. நூறுல இரிக்கணும். அம்பதுல கிடந்திச்சு! உங்கட கண்ணுலயும் படாமப் போச்சே? நான் நூறாக்கிட்டன்.”

பாராட்டுவான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப, இனி நான் வரத் தேவையில்லையா?”

“தேவையில்ல,” என்றாள். முதல் தடவையாக, கேட்டவர் முன்னால் இருக்கும்போதே பதில் வந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் இன்னும் சொன்னாள். “இனி உங்களுக்குக் கரைச்சல் தர மாட்டன். இரிங்க, தேத்தண்ணி கொண்டு வாறன்.”

குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“என்ன, முகமெல்லாம் சிரிப்பு?”

“மெசின நானே சரி செய்திட்டன்மா! ஆரோ அதுட வேகத்தப் பாதியாக் குறைச்சு வச்சிரிக்காங்க.”

“ஆரோவா?” அம்மா துருவுவதை நிறுத்தினாள். “நீயும் அந்தப் பொடியனும் தவிர அதுல ஆரு புள்ள கைவைக்கிற?”

கம்சாயினியின் கையில் சீனிக் கரண்டி அப்படியே நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் இந்த அடுப்பு முன்னால் நிற்கும் நேரத்தில் மட்டும்தான் அவன் அந்த மெசினோடு தனியாக இருந்தான். மறு ஞாயிறும் வருவதற்கு அவனுக்கு அது ஒரு சாக்கு.

கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். மோட்டார் சைக்கிள் வேலிப் படலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை. உதயரூபன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு தேற்றாத்தீவுப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.