தோட்ட டியூட்டி

"ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டுப் பின்பக்கம் போம்மா. செடிக்குத் தண்ணி விடணும்."

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையே திரும்பிப் பார்த்தது.

சொன்னவர் சூப்பர்வைசர். தொட்டதற்கெல்லாம் வெடிப்பதால் அவருக்குக் 'கடுகு' என்று பெயர். சொன்னதோ பெரியக்காவிடம். அந்த அறையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. போனில் அலறுகிறவரையே அடக்கி உட்காரவைத்து முகவரி வாங்கிவிடுவாள்.

"நானா சார்?"

"நீதான். நான் சொல்ற வரைக்கும் தோட்ட டியூட்டி."

காரணம் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் ஒருவர், மனைவிக்கு மூச்சு நின்றுவிட்டது என்று கூப்பிட்டார். நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று பெரியக்கா கடைசிவரை சொல்லிக் கொடுத்தாள். வண்டியும் தாமதிக்கவில்லை. ஆனாலும் அந்தம்மா பிழைக்கவில்லை.

"உசுரைக் குடுத்து வேலை பார்த்ததுக்கு இதுதான் மரியாதையா? அந்தாளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதுக்கா," என்று முணுமுணுத்தாள் பக்கத்து சீட்டுக்காரி.

பெரியக்காவை அவமானம் பிடுங்கித் தின்றது. ஊர் அறிய அவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டாரே மனுஷன்!

கட்டடத்துக்குப் பின்னால் பெரிய தோட்டம். முதல் நாள் செடிகளுக்கு விட்ட தண்ணீரைவிடக் கடுகுக்கு விட்ட சாபம்தான் அதிகம். ராத்திரி கண்ணை மூடினால், "ஏதாவது பண்ணுங்கம்மா" என்ற அந்தக் கணவரின் குரல். தூக்கம் எங்கே வரும்?

பிறகு ஒரு குருவி வந்தது. மரக்கிளையில் கூடு கட்ட ஆரம்பித்தது. சரியான அவசரக் குடுக்கை. கொண்டுவந்த குச்சியில் பாதியைக் கீழே போட்டது.

"ஏண்டி, ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா உனக்கு?" என்று பெரியக்கா அதைத் திட்டினாள். மறுநாள் வந்ததும் வராததுமாய், கூடு எந்த மட்டில் இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள். வீட்டில் கணவரிடமும் குருவி புராணம்தான்.

ஒரு நாள் காலையில் கணவர் சொன்னார். "ராத்திரி நீ விட்ட குறட்டையில என் தூக்கம் போச்சு." குறை சொல்கிற முகமாகவே இல்லை அது.

தூங்கி எழுந்த தெம்பு. நேராகக் கடுகின் அறைக்குப் போனாள்.

"சார், நான் எந்தத் தப்பும் பண்ணலை. அன்னிக்கு என்ன சொல்லணுமோ அதைத்தான் சொன்னேன். இன்னிக்குக் கூப்பிட்டாலும் அதையேதான் சொல்வேன். ஒண்ணு, என் தப்பு என்னன்னு சொல்லுங்க. இல்ல, என் சீட்டைக் குடுங்க."

கடுகு வெடிக்கவில்லை.

"இதைத்தாம்மா எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன். நீ தப்பு பண்ணலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உனக்குத்தான் தெரியலை. ஹெட்போன் மாட்டும்போது உன் கை நடுங்குச்சு."

"லீவு குடுத்திருக்கலாமே சார்?"

"வீட்ல சுவத்தைப் பார்த்து அழுதுக்கிட்டு இருந்திருப்பே. மரம், செடி நடுவுல கொஞ்ச நாள் இருந்துட்டு வா, மனசுக்கு நல்லதுன்னு சொன்னா உங்கள்ல யாராவது கேப்பீங்களா? 'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்'னு சொல்வீங்க. தண்டனைன்னு சொன்னாத்தான் வெளியில காலை வைக்கிறீங்க."

பெரியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் விட்ட சாபத்தையெல்லாம் இனி எப்படித் திரும்ப வாங்குவது?

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? போய் சீட்ல உக்காரு."

வாசல் வரை போனவள் திரும்பினாள். "இன்னிக்குத் தண்ணி விட யாரை சார் அனுப்பப் போறீங்க?"

கடுகு பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"நானே போறேம்மா. காலைல ஆள் இல்லாம ஒரு போனை நான் எடுத்தேன். சின்னப் பொண்ணு. அம்மா எழுந்திருக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லுச்சு... கடைசிவரைக்கும் எழுந்திருக்கவே இல்லம்மா."