தனி வாசல்

"இந்த ரூமுக்குத் தெருவுல இருந்து தனியா ஒரு வாசல் வைக்க முடியுமா?"

மில்லர்புரத்தில் மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டிய இன்ஜினியர் சத்தியராஜிடம் யூசுப் இப்படிக் கேட்டதும் அஸ்மா திரும்பி அவரைப் பார்த்தாள். இதுவரை பார்த்த மாதிரி வீடுகளிலெல்லாம் கணவர் இதையேதான் கேட்டார்.

"தாராளமா வைக்கலாம் அண்ணாச்சி. வேலைக்காரங்க தங்கவா?"

"சேச்சே! நம்ம வீட்டு ஆளுதான்."

வீட்டு ஆளா? அவர், அவள், மகள் மின்ஹா, வரப்போகும் மாப்பிள்ளை. அதற்கு மேல் யார்?

வீடு கட்டப்போவது காயல்பட்டினத்தில், மின்ஹா பேரில். அந்த ஊரில் நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். கட்டுவதற்கு முன் நாலு மாதிரி வீட்டைப் பார்த்தால் புத்தி வரும் என்று கூட்டிவந்ததே அஸ்மாதான். அவள் அடுப்படிக் குழாயைத் திறந்து பார்த்தாள், அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். இவரோ போன இடமெல்லாம் பின்னால் இருக்கும் அறையில் போய் நின்றுகொண்டார்.

"பாத்ரூம் இந்த ரூமுக்குள்ளயே வரணும் தம்பி. ஓரமா ஒரு சின்ன அடுப்பு மேடை."

தனி வாசல், தனி பாத்ரூம், தனி அடுப்பு. ஒரு குடித்தனத்துக்கு வேறென்ன வேண்டும்? மனுஷன் இத்தனை வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே நடந்ததை யார் கண்டது?

"அஸ்மா, நீ ஹால்ல நின்னு ஏதாவது பேசு. உள்ள கேக்குதான்னு பாக்கேன்." யூசுப் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னத்தப் பேச?"

கதவு திறந்தது. "ஒண்ணுமே கேக்கல. அருமை!"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாரோ வீடு பார்க்க வந்து சத்தியராஜ் வாசலுக்குப் போன நேரம், அவள் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"யாரைக் கொண்டாந்து வைக்கப் போறீங்க?"

யூசுப் திருதிருவென்று விழித்தார்.

"முழிக்காதீங்க. எம்மவ வீட்டுல எவளோ ஒருத்தி வந்து உக்காருவா, நான் வாயை மூடிக்கிட்டுக் கிடக்கணுமா?" அவளுக்கு அழுகை முட்டியது.

"அடக் கிறுக்கி! மாப்பிள்ளையோட உம்மாவுக்குத்தாம்ளா."

"இஹ்ஸானோட உம்மாவுக்கா? அவங்களுக்குத்தான் வீடு இருக்கே!"

"வீடு இருக்கு. புருஷன் இல்ல, பொம்பளப் பிள்ள இல்ல. இருக்கிறது ஒத்தைப் பையன், அவனையும் நாம கூட்டிட்டு வந்துருதோம்."

"அதுக்காக? மாப்பிள்ளையோட உம்மா பொண்ணு வீட்டுல வந்து இருக்கிறது நம்ம ஊருல எங்கயாவது உண்டா? நாலு பேரு சிரிப்பாங்க."

"நீ இப்படிச் சொல்லுவேன்னுதான் சொல்லல. முதல்ல ரூம் அமையட்டும்னு பாத்தேன்."

அஸ்மா பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நான் உங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த பொறவும், எங்க உம்மா தினமும் ரெண்டு பேருக்குச் சோறாக்கி வச்சிட்டு உக்காந்திருந்திருக்கா அஸ்மா. அவ மௌத்தாகி அடக்கம் பண்ணுன அன்னிக்குத்தான் பக்கத்து வீட்டுல சொன்னாங்க."